ஏழாம் அத்தியாயத்தில் இறந்தவர்

செவன் கிங்ஸ்
3 செப்டெம்பர் 2025

மதிப்புக்குரிய எழுத்தாளர் யோகமலர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கம்சிகா. போன மாசி மாதம் இல்ஃபோர்ட்டில் நடந்த உங்கள் புத்தக வெளியீட்டில், கையெழுத்து வாங்க நின்ற வரிசையின் கடைசி ஆள் நான்தான். உங்கள் பேனையில் மை முடிந்து, என் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை உங்கள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதைத் திருப்பிக் கேட்க எழுதவில்லை, பயப்படாதீர்கள்.

நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். முந்நூற்று நாற்பது பக்கம். சென்னையில் ஒரு பதிப்பாளர் போடுவதாகச் சொல்லி, திருத்திய பிரதியை நவம்பர் பதினைந்துக்குள் கேட்டிருக்கிறார். பிந்தினால் அடுத்த வருடம் பார்க்கலாமாம். அடுத்த வருடம் அவருக்கு என் பெயரே ஞாபகம் இருக்காது.

ஏற்கெனவே மூன்று எழுத்தாளர்களிடம் ஆலோசனை கேட்டுவிட்டேன். ரொறன்ரோவில் இருக்கிறவர், முதலில் வாசியுங்கள் பிறகு எழுதுங்கள் என்றார். நான் என்ன வாசித்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. பாரிசில் இருக்கிறவர் தன்னுடைய புத்தகங்களின் பட்டியலை அனுப்பினார். ஹரோவில் இருக்கிறவர் இரண்டு மணித்தியாலம் தொலைபேசியில் தன் வாழ்க்கைச் சரிதத்தைச் சொன்னார். என் நாவலுக்கு என்ன பெயர் என்றுகூட அந்த மனிசன் கேட்கவில்லை.

என் பிரச்சினை இதுதான். ஏழாம் அத்தியாயத்துக்கு உயிர் இருக்கிறது, மற்றதெல்லாம் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது, எல்லாவற்றையும் ஏழின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள் என்கிறார் பதிப்பாளர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஏழாம் அத்தியாயம் நான் எழுதியது இல்லை. என் அப்பா கிருஷ்ணராசா 1999இல் இங்கே வந்து அகதியாக அசைலம் கேட்டவர். அவருடைய கேஸுக்காக, அவர் சொல்லச் சொல்ல யாரோ தமிழில் எழுதிக் கொடுத்த நாலு தாள் அவருடைய சூட்கேசில் கிடந்தது. எனக்குப் பதினாறு வயதில் களவாக எடுத்து வாசித்தேன். அன்றைக்குத்தான் எழுத வேண்டும் என்ற விசர் எனக்குப் பிடித்தது. அந்த நாலு தாளைத்தான் ஏறத்தாழ அப்படியே அத்தியாயமாக வைத்திருக்கிறேன்.

மற்றப் பத்தொன்பது அத்தியாயத்தையும் நான் என்ன செய்ய? வாசித்துச் சொல்வீர்களா?

பணிவுடன்,
கம்சிகா


விம்பிள்டன்
9 செப்டெம்பர் 2025

அன்புள்ள கம்சிகா,

உமது பேனை என்னிடம்தான் இருக்கிறது. நன்றாக எழுதுகிறது. இந்தக் கடிதத்தையும் அதைக்கொண்டுதான் எழுதுகிறேன். ரைப் அடித்துத் தபாலில் வருவதைக் கடிதம் என்று என் மனம் ஏற்பதில்லை. ஐம்பத்துநாலு வயதில் அதை மாற்றவும் மாட்டேன்.

எழுத்தாளர்களிடம் ஆலோசனை கேட்காதீர் என்பதுதான் எனது முதல் ஆலோசனை. நாங்கள் எங்களுக்குச் சரிவந்ததை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிகிற ஆட்கள். உமக்குச் சரிவராவிட்டால் உம்மில்தான் குறை என்போம்.

ஆனாலும் அனுப்பும். தாளில் அனுப்பும், ஓரத்தில் இடம் விட்டு. நான் பென்சிலால் கீறுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் எண்பத்தாறு வயதில் அம்மா இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொண்டு வாசிப்பதால் மூன்று கிழமை செல்லும். நல்லாயில்லை என்றால் நல்லாயில்லை என்றுதான் எழுதுவேன்.

யோகமலர்


செவன் கிங்ஸ்
13 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்கா,

அக்கா என்று எழுதலாம்தானே? அன்ரி என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப்போடுவீர்கள் என்று பட்டது.

பொதி இதோடு வருகிறது. தபால்கந்தோரில் எடை பார்த்தவள் உள்ளே என்ன என்று கேட்டாள். வாய் தவறி "என் அப்பா" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நீங்கள் எவ்வளவு கீறினாலும் பரவாயில்லை. ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கம்சிகா


விம்பிள்டன்
2 ஒக்டோபர் 2025

அன்புள்ள கம்சிகா,

கை உளைவாக இருப்பதால் கணினியில் அடித்து அனுப்புகிறேன்.

பிரதி தனிப்பொதியாக வருகிறது. மூன்றாம் அத்தியாயம் நன்று. தொலைபேசிக் குரலாக மட்டும் தெரிந்த தகப்பனை ஹீத்ரோவில் முதன்முதல் காணும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அவர் குரல் வரும்வரை அவரை அப்பா என்று ஒத்துக்கொள்ளாமல் நிற்பது நன்றாக வந்திருக்கிறது. பதினொன்றாம் அத்தியாயத்தில் மழை அதிகம். பதினைந்தும் பதினாறும் ஒன்றாகலாம்.

ஏழாம் அத்தியாயத்தை முழுவதும் எடுத்துவிடவும். அது நாவலோடு ஒட்டவில்லை. அதில் வருகிற சம்பவங்கள் வேறு பலர் எழுதியவை. எடுத்தால் நாவலுக்கு ஒரு குறையும் வராது.

இதற்கு மேல் என்னால் உதவ இயலாது. வாழ்த்துக்கள்.

யோகமலர்


செவன் கிங்ஸ்
6 ஒக்டோபர் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தை ஷிப்டில் இடைவேளைக்கு வாசித்தேன். ஃபார்மசியில் அன்றைக்கு வந்த சனத்துக்கு நான் என்ன மருந்து எடுத்துக் கொடுத்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒட்டவில்லையா? வேறு பலர் எழுதியதா? பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இரண்டு சகோதரங்களை ஆமிக்காரன் சென்றிக் காவலரணில் மறிக்கிறான். தம்பிக்காரன் கையில் இருந்த பாணைப் பிய்த்துப் பாதியை மற்றவரிடம் கொடுத்து, "நீ போ, நான் பின்னாலை வாறன்" என்கிறான். இது வேறு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஒன்றைச் சொல்லுங்கள், நான் வெட்டுகிறேன்.

அது கதை இல்லை அக்கா. அது என் றமணன் சித்தப்பா. மாலை போட்ட அவருடைய படம் எங்கள் சாமித் தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஜூலை பத்தொன்பதாம் திகதி, ஆமி அவரைப் பிடித்த நாளில், அப்பா வேலைக்குப் போகமாட்டார். பச்சைத் தண்ணியும் குடியாமல் இருந்து, தானே சமைத்து, வாழையிலையில் படைத்து, அதற்குப் பிறகுதான் வாய் நனைப்பார். பெரிய பேச்சுக்காரர் இல்லை, எதற்கும் அழுகிறவரும் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்க ஏலாது. அதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அதை வெட்டு என்கிறீர்கள், மழை அதிகம் என்கிற அதே சுருதியில்!

இன்னொன்றும் கேட்கிறேன். முந்நூற்று நாற்பது பக்கத்திலும் உங்கள் பென்சில் ஓடியிருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் ஒரு கீறுகூட இல்லை. வாசித்தீர்களா, இல்லையா? கடைசிப் பக்கத்தில் மட்டும் தாள் நனைந்து காய்ந்த மாதிரிச் சுருங்கியிருக்கிறது. தேத்தண்ணியை ஊற்றிவிட்டீர்களாக்கும்.

கம்சிகா


செவன் கிங்ஸ்
12 ஒக்டோபர் 2025

அக்கா,

பதில் போடவில்லை நீங்கள்.

கையால் எழுதாதது கடிதமே இல்லை என்று சொன்ன மனிசிக்கு ஏன் திடீரென்று கை உளைந்தது என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை அப்பா வேலைக்குப் போன பிறகு சூட்கேசைத் திறந்தேன். நாலு தாளையும் கட்டிலில் விரித்து, உங்கள் செப்டெம்பர் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரே எழுத்து. வலப்பக்கம் சரிந்த அதே சரிவு. பந்திக்குப் பந்தி விரல் அகலம் விட்டுத் தொடங்குகிற அதே பழக்கம்.

அப்பா சொல்லச் சொல்ல எழுதியது நீங்கள்தானா? அப்படியென்றால் ஏன் அதை என்னிடம் சொல்லவில்லை? ஏன் வெட்டச் சொன்னீர்கள்?

அப்பாவிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

கம்சிகா


விம்பிள்டன்
17 ஒக்டோபர் 2025

அன்புள்ள கம்சிகா,

ஓம். எழுதியது நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதியது என்பது மட்டும் பிழை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது நான் ஒரு சட்டத்தரணியின் மேல்மாடி அறையில் மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். ஊரில் படிப்பித்தவள் என்பதால் எல்லோரும் ரீச்சர் என்று கூப்பிடுவார்கள். 2000ஆம் ஆண்டு பங்குனியில் உம் அப்பா வந்தார். முதல் தடவை கேஸ் தள்ளுபடியாகி, அப்பீலுக்கு வந்தவர். என்ன நடந்தது, சொல்லுங்கோ என்றேன். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லை ரீச்சர். பயமாக் கிடந்தது. வெளிக்கிட்டு வந்திட்டன்" என்றார். உள்ளதைச் சொல்லுகிற மனிதர். உள்ளதைச் சொன்னதால்தான் முதல் கேஸ் தோற்றது. அங்கே மனுசியும் மூன்று வயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள், திருப்பி அனுப்பினால் என்ன செய்வேன் என்று கேட்டார். அந்த மூன்று வயதுப் பிள்ளை நீர்.

ஒன்றும் நடக்காத ஆட்களுக்குக் கேஸ் கட்டிக் கொடுப்பது அப்போது நடந்த காரியம். நானும் கட்டியிருக்கிறேன். இங்கொன்று அங்கொன்றாகப் பொறுக்கி எழுதுவேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. காலையில்தான் அம்மா ஊரிலிருந்து தொலைபேசி எடுத்து, தம்பியைப் பற்றி ஏதும் அறிந்தாயோ என்று நூறாவது தடவையாகக் கேட்டிருந்தார். பேனையை எடுத்தேன். என் தம்பி வந்தான்.

றமணன் என் தம்பி, கம்சிகா. 1996 ஜூலை பத்தொன்பதாம் திகதி அவனோடு பாண் வாங்கப் போனது நான். பாதிப் பாணை வாங்கிக்கொண்டு, நீ போ என்று அவன் சொன்னதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவளும் நான். திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. உம் அப்பாவையும் பிடித்து இருவரையும் ஒரே அறையில் அடைத்து அடித்தது, மூன்றாம் நாள் உம் அப்பாவின் மடியில் அவன் உயிர் போனது, அதெல்லாம் நான் கட்டியது. கேஸுக்கு ஒரு சாவு தேவைப்பட்டது. இந்த உலகத்தில் அவன் செத்துவிட்டான் என்று முதன்முதல் எழுதியவள் அவனுடைய சொந்த அக்கா. படத்தையும் நானே என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

உம் அப்பாவிடம் சொன்னேன்: "நித்திரையிலை எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல்லு மாறப்படாது. மனுசிக்கும் பிள்ளைக்கும் இதுதான் கதை." கேஸ் வென்றது. நான் அந்த வேலையை விட்டேன்.

என் அம்மா இன்றைக்கும் றமணன் வருவான் என்கிறார். அவன் படத்துக்கு ஒரு பூ வைக்க விடமாட்டார். திவசம் என்ற சொல்லை எடுத்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். உமது புத்தகம் வந்தால் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். பெயரை மாற்றலாம் என்பீர். அந்தப் பாணை எப்படி மாற்றுவீர்?

வெட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வைத்துக்கொள்ளும் என்று சொல்லப் பலமும் இல்லை. நான் என்ன செய்ய, பிள்ளை.

யோகமலர்


செவன் கிங்ஸ்
26 ஒக்டோபர் 2025

அக்கா,

ஒன்பது நாள் உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். முதல் மூன்று நாள் உங்கள் மீது கோபம். பிறகு அப்பா மீது. பிறகு என் மீது: இவ்வளவு காலமும் என் வீட்டுத் துக்கம் என்று நினைத்து அடுத்த வீட்டுத் துக்கத்தை அல்லவா எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்!

முதலில் அம்மாவிடம் கேட்டேன். உங்களுக்கு அம்மாவைத் தெரியாது, தவமலர். எந்தப் பிரளயத்துக்கும் வெங்காயம் வெட்டுகிற ஆள். "அம்மா, அப்பாவுக்குத் தம்பி இருந்தவரோ?" என்றேன். வெட்டுகிற கை நிற்கவில்லை. "கொப்பாவிட்டைக் கேள்" என்றார். அவ்வளவுதான்.

அப்பாவிடம் நேற்றுக் கேட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "அப்பா, கேஸ் முடிஞ்சு இருபத்தைஞ்சு வருசம். பாஸ்போட்டும் கிடைச்சிட்டுது. இனி ஒருத்தரும் கேக்க மாட்டினம். எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ" என்றேன்.

ரிவியை நிற்பாட்டினார். நிமிர்ந்து இருந்தார். பிறகு தொடங்கினார்: "1996ஆம் ஆண்டு ஜூலை மாதம் பத்தொன்பதாம் திகதி காலை ஆறரை மணியளவில் நானும் எனது சகோதரனும் பாண் வாங்குவதற்காகச் சென்றோம்." அக்கா, எங்கள் வீட்டில் அப்பா ஒருநாளும் "சென்றோம்" என்று கதைத்ததில்லை. நாலு தாளையும் ஒரு கமா பிசகாமல் எனக்கு முன்னால் ஒப்புவித்தார், நான் ஏதோ இமிகிரேஷன் ஒபிஸர் மாதிரி. காணும் அப்பா, போதும் அப்பா என்று கத்தினேன். நிற்பாட்டவில்லை. முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு ரிவியைப் போட்டார். நியூஸ் போனது.

என்னால் அவரிடம் போக ஏலாமல் இருக்கிறது. நீங்கள் போட்ட பூட்டு அது. என் திறப்பால் திறக்காது. ஒருக்கா வாருங்கள். இனி மாற்றிச் சொல்லலாம் என்று அவருக்கு நீங்களே சொல்லுங்கள். எனக்கு என் அப்பாவுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால், அந்த ஒன்றுமில்லாததையாவது அவர் வாயால் கேட்க வேண்டும். நாவல் எப்படிப் போனாலும் போகட்டும். பதிப்பாளர் இரண்டு தடவை மின்னஞ்சல் போட்டுவிட்டார், பதில் எழுதவில்லை.

புதன்கிழமைகளில் அப்பாவுக்கு வேலை இல்லை. நான் ஐந்து மணிக்குத்தான் வருவேன். முகவரி மேலே இருக்கிறது.

கம்சிகா


விம்பிள்டன்
6 நவம்பர் 2025

அன்புள்ள கம்சிகா,

நேற்று வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். எலிசபெத் லைன் ரயிலில் இருந்துகொண்டு சொல்ல வேண்டியதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். உமது வாசலில் அந்த மூன்றும் மறந்து போயின.

கதவைத் திறந்தவர் உம் அப்பா. "கம்சிகாவுக்கு எழுத்து விசயமாத் தெரிஞ்ச ஆள்" என்றேன். "வாங்கோ, இருங்கோ" என்றார். என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டவில்லை. நான் இருந்த இடத்துக்கு நேரே சாமித் தட்டு. றமணன் சிரித்துக்கொண்டிருந்தான், புது மல்லிகை மாலையோடு. என் வீட்டில் ஒரு உறைக்குள் கிடக்கிற முகம். எழும்பிக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

உம் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு உம் அப்பா, "என்ர தம்பி" என்றார். பிறகு, நான் கேட்காமலே, சொல்லத் தொடங்கினார். என்னுடைய வசனங்கள், கம்சிகா. இருபத்தொன்பது வயதில் நான் எழுதிய கெட்டித்தனமான வசனங்கள். ஒவ்வொன்றும் முடிய முதல் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். நிற்பாட்டுங்கோ என்று சொல்ல வந்தவள், கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் என்ற இடத்துக்கு வந்தார். மடியில் தலையை வைத்துக்கொண்டு தம்பி தண்ணி கேட்டான் என்றுதான் நான் எழுதியிருந்தேன். தண்ணி கேட்டான் என்றார். அதோடு முடிய வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்து, வேறொரு குரலில், எழுத்துத் தமிழ் இல்லாத குரலில் சொன்னார்: "கடைசியா ஒண்டு கேட்டவன். அக்கா வீட்டை போய்ச் சேர்ந்திட்டாவோ எண்டு கேட்டவன்."

உம் அம்மா கையில் இருந்த தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவரும் இதை முதன்முதலாகக் கேட்கிறார் என்று விளங்கியது. அந்த நாலு தாளில் அக்கா என்று ஒருத்தி இல்லை. உம் அப்பாவுக்கும் அக்கா இல்லை.

எனக்கு அழுகை வந்தது. அடக்கத் தெரியவில்லை. அந்நிய வீட்டில் இருந்து அப்படி அழுதது வெட்கம்தான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கேற் வரைக்கும் உம் அப்பா கூட வந்தார். அங்கே வைத்துத்தான், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "ரீச்சர், நான் இண்டைவரைக்கும் ஒரு சொல்லும் மாத்தேல்லை. அண்டைக்கு எழுதேக்கை நீங்கள் அழுதனீங்கள், அவன் உங்கட தம்பியெண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது. அந்தப் பிள்ளையின்ர பேராலை நான் சாப்பிடுறன். வருசத்துக்கு ஒருக்கா அவனுக்குச் சோறு வைக்காட்டி எப்பிடி? இந்தக் கடைசி வார்த்தையை எப்பவோ எடுத்து வைச்சனான், நீங்கள் ஒருநாள் வந்தாச் சொல்ல எண்டு."

இனி மாற்றிச் சொல்லலாம் என்று நான் அவரிடம் சொன்னேன். நீர் கேட்டபடி சொன்னேன். "மாத்தி என்னத்தைச் சொல்லுறது ரீச்சர்? எனக்குத்தான் ஒண்டும் நடக்கேல்லையே. பிள்ளைக்கு முன்னாலை வெறுங்கையோடை நிக்கவோ?" என்று கேட்டார். இதை உமக்குச் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லக் கூடாதுதான். உமக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். நீர் கேட்ட உண்மை அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து எடுத்து என் கையால் தருகிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அவர் என் தம்பியைக் கண்டதில்லை. அவன் எதைக் கேட்டான், ஏதும் கேட்க விட்டார்களா, ஒருவருக்கும் தெரியாது. உம் அப்பா சொன்னது எனக்காகக் கட்டிய பொய். எல்லாம் தெரிந்துகொண்டு இரவு முழுவதும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். காலையில் அம்மா, ஏன் கண் வீங்கியிருக்கு என்று கேட்டார். புத்தகம் வந்தால் அவருக்கு என்ன சொல்வேன் என்று தெரியாது. மறைத்து வைக்க எனக்குக் கெட்டித்தனம் போதாது.

ஆனாலும் கேட்கிறேன். ஏழாம் அத்தியாயத்தை வெட்டச் சொன்னேன், வெட்ட வேண்டாம். பதிப்பாளருக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேரும். அக்கா வீட்டை போய்ச் சேர்ந்திட்டாவோ என்று அவன் கேட்கட்டும். பக்கத்தில் இருக்கிறவர், ஓம் ராசா, போய்ச் சேர்ந்திட்டா என்று சொல்லட்டும்.

யோகமலர்